பேச்சாளருக்கு 20 நிமிஷம், கேள்விக்கு 40

அந்தக் கட்டைப் பென்சில் இன்னும் என் கைப்பையிலதான் இருக்கு. விரல் நீளம்கூட வராது, பின்னாடி ரப்பர் இல்லாம மொட்டையா இருக்கும். மக மாசசூசெட்ஸ்ல படிக்கிறா, அவளைப் பார்க்க 2023 அக்டோபர்ல போய் ஏழு வாரம் இருந்தேன். அப்ப ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கடவுள் மூணு பேரில்ல, ஒருத்தர்தான்னு பிரிஞ்சு வந்த யூனிட்டேரியன்ங்கிற ஒரு கிறிஸ்தவ வழிச் சபையோட பின்பக்க ஹால்ல உக்காந்திருந்தப்ப கையில கொடுத்தாங்க, கூடவே உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளை அட்டை. எதுக்குன்னு கேட்டேன். கேள்வி எழுதறதுக்குன்னாங்க. விருந்தாளியா வந்திருக்கோம், நாம என்ன கேக்கப்போறோம்னு நெனச்சு அட்டையை மடியில வெச்சுக்கிட்டேன்.

கூட்டிட்டுப் போனது மக தங்கியிருந்த வீட்டுக்காரம்மா, எழுபது தாண்டினவங்க. ஹால்னா பெருசா ஒண்ணுமில்ல, மடக்கு நாற்காலி ஒரு அறுபது இருக்கும், ஓரத்துல காப்பி, ஒரு தட்டுல வெட்டி வெச்ச ஆப்பிள். பதினொரு மணிக்கு மேலதான் வழிபாடு, அதுக்கு முன்னாடி ஒன்பதரைக்கு இந்த ஃபோரம். யார் வேணும்னாலும் வரலாம். வாசல்ல யாரும் நீ எந்த மதம், மெம்பரான்னு கேக்கல. போன மாசம் ஊர்த் தண்ணிக் குழாயைப் பத்தி, அடுத்த மாசம் பருவநிலை, அன்னைக்கு அகதிகள். உள்ளூர் விஷயம் ஒண்ணு, உலக விஷயம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வெப்பாங்களாம். பேச வந்தவரு அகதிகளுக்குச் சட்ட உதவி செய்ற ஒரு வக்கீல்.

நடத்தின பாட்டி மேசை மேல முட்டை வேகவைக்கிறப்ப வைப்பாங்களே அந்த டைமரை வெச்சிருந்தாங்க. இருபது நிமிஷத்துல அது கிர்ர்ருனு அடிச்சுது. வக்கீல் ஒரு வாக்கியத்தோட நடுவுல இருந்தாரு, அதை முடிச்சாரு, உக்காந்துட்டாரு. அவ்வளவுதான். இன்னும் அஞ்சு நிமிஷம் கொடுங்கன்னு கேக்கல, இறுதியாகன்னு சொல்லி இன்னொரு பத்து நிமிஷம் இழுக்கல. மிச்சம் நாப்பது நிமிஷமும் கேள்விதான். அட்டைகளை ஒரு பையன் கூடையில வாங்கிட்டுப் போனான், கை தூக்கினவங்களுக்கு மைக்கும் போச்சு, ஆனா அதுலயும் ஒரு ஒழுங்கு, இதுவரைக்கும் வாயைத் திறக்காதவங்களுக்குத்தான் முதல்ல. ஒருத்தர் எழுந்து எங்க ஊர்ப் பள்ளிக்கூடம் ஏற்கனவே நிரம்பி வழியுது, இன்னும் குடும்பங்களைக் கூட்டிட்டு வந்தா எங்க உக்கார வெப்பீங்கன்னு நல்லா சத்தமாவே கேட்டாரு. பக்கத்துல இருந்தவங்களுக்கு அது பிடிக்கலன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. ஆனா யாரும் அவரை உக்காரச் சொல்லல, வக்கீலும் அது நியாயமான கேள்வின்னு சொல்லிட்டுத்தான் பதிலை ஆரம்பிச்சாரு.

அப்பதான் எனக்கு முன் வரிசையில இருந்த பெரியவர் திரும்பி நீங்க எந்த ஊருன்னு கேட்டாரு. மலேசியா, பினாங்குன்னேன். மியன்மார்ல இருந்து தப்பிச்சு வர்ற ரொஹிங்யா ஜனங்களோட படகுகளைப் பத்தியெல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க ஊர்ல ஜனங்க இதைப் பத்தி எப்படிப் பேசிக்கிறாங்கன்னு கேட்டாரு. சாதாரணமா, தெரிஞ்சுக்கணும்னு கேட்டாரு.

என்கிட்ட பதில் இல்லை. நம்ம நாட்டுல ஐநா அகதி கார்டு வெச்சிருக்கிறவங்க மட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல, அதுல பாதிக்கும் மேல ரொஹிங்யா. 1951 அகதிகள் ஒப்பந்தத்துல மலேசியா கையெழுத்து போடல, அதனால அந்தக் கார்டு இருந்தாலும் சட்டப்படி வேலை செய்ய முடியாது, பிள்ளைங்க அரசாங்கப் பள்ளிக்கூடத்துல சேர முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். எங்க பிளாட்டுக்குப் புல் வெட்ட வர்ற ஆளையும் தெரியும், பாசார்ல மீன் கூடை தூக்கற பையனையும் தெரியும். ஆனா ஒரு அறையில நாலு பேரோட உக்காந்து இதைப் பத்தி நான் ஒரு தடவைகூடப் பேசினதில்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வாட்ஸ்அப்ல வர்ற கோவம்தான். நாங்க பேசிக்கிறதே இல்லைன்னு அந்தப் பெரியவர்கிட்ட சொன்னப்ப தொண்டை அடைச்சுக்கிச்சு.

முடிஞ்சு காப்பி குடிக்கிறப்ப சபையோட போதகரம்மா வந்து கை கொடுத்தாங்க. வீட்டுல என்ன மொழின்னு கேட்டாங்க, தமிழ்னேன். அவங்க முகமே மலர்ந்து போச்சு, அப்படின்னா வில்லியம் ராபர்ட்ஸ் உங்க ஆளாச்சேன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அவங்க சொல்லிச் சொல்லித்தான் தெரிஞ்சுது, அவரோட சொந்தப் பேரு திருவேங்கடம், நம்ம தமிழரு, கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போனவரு, யூனிட்டேரியன் எழுத்துகளைப் படிச்சு மனசு அதுல ஒட்டி, 1795-ல மெட்ராஸ்ல சொந்தமா ஒரு யூனிட்டேரியன் கிறிஸ்தவ சபையை ஆரம்பிச்சிருக்காரு. எந்த மிஷனும் அனுப்பி வெச்சு இல்ல. தமிழ்லயே எழுதி, தமிழ்லயே ஜெபம் நடத்தியிருக்காரு. பினாங்கைப் பிரிட்டிஷ்காரங்களுக்காக எடுத்த பிரான்சிஸ் லைட் இங்க இறங்கி அப்ப ஒன்பது வருஷம்தான் ஆகியிருக்கு, அமெரிக்கன் யூனிட்டேரியன் அசோசியேஷன் உண்டாக இன்னும் முப்பது வருஷம் கிடக்கு. பினாங்குல பொறந்து வளர்ந்த நான் இந்தப் பேரை மாசசூசெட்ஸ்ல ஒரு வெள்ளைக்கார அம்மா வாயாலதான் முதல்ல கேட்டேன்.

அன்னைக்கு ராத்திரியிலிருந்து ஊருக்குத் திரும்பற வரைக்கும் அவங்க சரித்திரத்தைத் தேடித் தேடிப் படிச்சேன். முதல்ல அது வெறும் மதச் சண்டை, கடவுள் ஒருத்தரா மூணு பேரா. மிகேல் செர்வேட்டஸ்னு ஒருத்தர் திரித்துவம் பைபிள்ல இல்லையேன்னு எழுதினதுக்கு 1553-ல ஜெனீவாவுல உயிரோட கொளுத்தினாங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு, 1568-ல, டிரான்சில்வேனியாவுல டோர்டாங்கிற ஊர்ல கூடின நாட்டுச் சட்டமன்றம் ஒரு சாசனம் போட்டுது, போதகர் தனக்குப் புரிஞ்சபடி போதிக்கலாம், ஊர் ஜனங்களுக்கு ஒத்து வந்தா ஏத்துக்கட்டும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு. அதுக்குப் பின்னால நின்ன டேவிட் ஃபெரென்ஸ் 1579-ல ஜெயில்லயே செத்தாரு. பிராண வாயுவைக் கண்டுபிடிச்ச ஜோசஃப் பிரீஸ்ட்லியும் ஒரு யூனிட்டேரியன் போதகர்தான், 1791-ல பர்மிங்காம்ல ஒரு கும்பல் அவரு வீட்டையும் ஆராய்ச்சிக் கூடத்தையும் எரிச்சுட்டாங்க. இப்படி அடி வாங்கி வாங்கித்தான் இன்னைக்கு அந்தச் சபைகள்ல இதைத்தான் நம்பணும்னு ஒரு விசுவாசப் பிரமாணமே இல்லாம ஆச்சு. கடவுள் உண்டுங்கிறவங்களும் இல்லைங்கிறவங்களும் ஒரே பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. போதகரை வேலைக்கு வைக்கிறதுல இருந்து வருஷக் கணக்கு வரைக்கும் எல்லாத்துக்கும் மெம்பருங்க ஓட்டு. எல்லாருக்கும் ஒரே பதில் இல்லாத இடத்துல கேள்விக்கு மரியாதை வந்துதானே ஆகணும்னு எனக்குத் தோணுச்சு, ஞாயித்துக்கிழமை ஃபோரமெல்லாம் அங்கிருந்து முளைச்சிருக்கும்போல.

நியூயார்க்ல ஜான் ஹேன்ஸ் ஹோம்ஸ்னு ஒரு போதகர், யூனிட்டேரியனா இருந்தவரு. 1921-ல மேடையேறி இன்னைக்கு உலகத்துலயே பெரிய மனுஷன் யாருன்னு கேட்டு, காந்தின்னு பதில் சொன்னாரு, அந்தப் பேரை முன்னப்பின்ன கேட்டிராத ஜனங்க முன்னாடி. லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற ஃபர்ஸ்ட் யூனிட்டேரியன் சபை இன்னொரு கதை. கம்யூனிஸ்ட் பயம் உச்சத்துல இருந்த காலம், வரிவிலக்கு வேணும்னா அரசாங்கத்தைக் கவிழ்க்கப் பேச மாட்டோம்னு கையெழுத்து போடுங்கன்னு கலிஃபோர்னியாவுல சொல்லிட்டாங்க. இவங்க மாட்டோம்னாங்க. கவிழ்க்கணும்கிற ஆசையில இல்ல, மனசுல என்ன இருக்குன்னு அரசாங்கம் சீட்டு எழுதி வாங்கக் கூடாதுன்னு. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1958-ல ஜெயிச்சாங்க. அந்த நாட்டுல 1954-லிருந்து ஒரு சட்டம் இருக்கு, வரிவிலக்கு வாங்கற சபை தேர்தல்ல எந்த வேட்பாளருக்கும் ஆதரவா நிக்கக் கூடாது. அதனால ஃபோரத்துல விஷயத்தைப் பேசுவாங்க, இவருக்கு ஓட்டுப் போடுன்னு சொல்ல மாட்டாங்க. எனக்கு அந்தக் கோடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

அவங்க வழிபாட்டுல ஒரு கிண்ணத்துல தீபம் ஏத்துவாங்க, பார்த்ததும் நம்ம வீட்டு விளக்கு ஞாபகம் வந்துச்சு. அந்தச் சின்னமே 1941-ல லிஸ்பன்ல ஹான்ஸ் டாய்ச்ங்கிற ஒரு அகதி வரைஞ்சதாம், நாஜிக்காரங்ககிட்ட இருந்து தப்பிச்சு வந்தவங்களுக்கு உதவின யூனிட்டேரியன் குழுவுக்காக.

ஒண்ணு மட்டும் உறுத்துச்சு, அதையும் எழுதிடறேன். அந்த ஹால்ல இருந்தவங்க பெரும்பாலும் வயசானவங்க, நல்லா படிச்சவங்க, வெள்ளைக்காரங்க. அகதியைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க, அந்த அறையில அகதின்னு ஒருத்தர்கூட இல்ல. அந்த வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டேன், ஆமா, எங்களுக்கும் அந்தக் குறை இருக்குன்னு மறைக்காம ஒத்துக்கிட்டாங்க.

நம்ம கூட்டங்களை நெனச்சுப் பார்த்தேன். ஏழு மணிக்குன்னு போடுவோம், டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுஷன் வர்றதுக்கு எட்டரை ஆகும். மாலை, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, அப்புறம் நன்றியுரை, அப்புறம் மீஹூன் பொட்டலம். கேள்வி நேரம்னு ஒண்ணு நிகழ்ச்சி நிரல்ல இருந்தா அதுதான் முதல்ல வெட்டுப்படும், நேரமின்மை காரணமாகன்னு. பட்டிமன்றம் இருக்கேம்பாங்க. எனக்கும் பட்டிமன்றம் பிடிக்கும், சின்ன வயசுல இருந்து பார்க்கிறேன். ஆனா அதுல யாரு எந்தப் பக்கம்னு முன்கூட்டியே பிரிச்சாச்சு, கடைசியில நடுவர் தீர்ப்பு சொல்லிடுவாரு, கீழ உக்காந்திருக்கிற நமக்குக் கை தட்டற வேலை மட்டும்தான். எங்க தாமான்ல, அதாவது குடியிருப்புல, தண்ணி ஏறுச்சே, அது ஏன்னு பட்டிமன்றத்துல கேக்க முடியாது.

எங்க தாத்தா காலத்துல அப்படி இல்ல. துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு அவரு. பெரியார் 1929 டிசம்பர்ல கப்பல்ல வந்து முதல்ல இறங்கினது பினாங்குலதான், அதுக்கப்புறம் இந்த நாட்டுல ஊருக்கு ஊர் சீர்திருத்தப் பேச்சு, படிப்பகம். தாத்தா போன கூட்டமெல்லாம் ஒரு கடைவீட்டு மாடியில, மண்ணெண்ணெய் விளக்குல நடக்குமாம். பேசறவருகிட்ட துண்டுச் சீட்டுல கேள்வி எழுதிக் கொடுப்பாங்க, தாத்தாவுக்கு எழுதத் தெரியாது, பக்கத்துல இருக்கிறவரு எழுதிக் கொடுப்பாரு. அவரு கேட்ட ஒரு கேள்வியை அம்மா இன்னும் சொல்லுவாங்க, ஏன் எங்க கங்காணிக்கு மட்டும் நாற்காலின்னு. அந்த வெள்ளை அட்டையும் கட்டைப் பென்சிலும் எனக்கு அந்தச் சீட்டாத்தான் தெரிஞ்சுது. புதுசா ஒண்ணும் கத்துக்க வேண்டியதில்ல, நம்மகிட்ட இருந்ததைத்தான் தொலைச்சிருக்கோம்.

திரும்பி வந்ததும் ஒரு சங்கத்து மண்டபத்தைக் கேட்டுப் பார்த்தேன். என்ன தலைப்புன்னாங்க, மலைச்சரிவுல கட்டடம்னு சொன்னேன். அரசியலெல்லாம் வேணாம்மா, சமையல் போட்டி வைங்க, இடம் ஃப்ரீயா தர்றோம்னாங்க. இன்னொரு இடத்துல பார்ப்போம்னு சொல்லி மூணு மாசம் பார்த்தாங்க. கடைசியில எங்க பிளாட்டுக்குக் கீழ இருக்கிற பொது மண்டபத்தையே எடுத்தோம், ரெண்டு மின்விசிறி, ஒண்ணுதான் சுத்தும். 2024 மார்ச்ல முதல் கூட்டம், பத்தொன்பது பேரு. பஸ் ஓட்டற அண்ணன், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஷிப்ட் முடிச்சு யூனிஃபார்மோட நேரா வந்த ரெண்டு பொண்ணுங்க, ரிட்டையர் ஆன ஒரு தமிழ் வாத்தியார், நில அளவை வேலை பார்த்து ஓய்வு வாங்கின ஒருத்தர், அஞ்சாம் மாடி சீன ஆண்ட்டி. ஆண்ட்டிக்குத் தமிழ் தெரியாது, ஒரு பொண்ணு பக்கத்துல உக்காந்து மலாய்ல காதோட சொல்லிக்கிட்டே இருந்தா.

தலைப்பு மலை. நாங்க இருக்கிறது பாயா தெருபோங், ஜன்னலைத் திறந்தா மலைதான். 2017 அக்டோபர்ல தஞ்சோங் பூங்காவுல மண் சரிஞ்சு 11 பேரு, சரியா ஒரு வருஷத்துல எங்களுக்குப் பக்கத்துல புக்கிட் குகுஸ்ல 9 பேரு, ரெண்டுமே வேலை நடந்துக்கிட்டிருந்த இடம், செத்தவங்க பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்து பொழைக்க வந்த தொழிலாளிங்க. நில அளவைக்காரர் ஒரு வரைபடத்தைச் சுவத்துல ஒட்டி, 250 அடிக்கு மேல, அதாவது 76 மீட்டருக்கு மேல இருந்தா மலை நிலம்னு கணக்கு, இந்தக் கோடு இங்க போகுது, நம்ம பிளாக் இங்க இருக்குன்னு விரல் வெச்சுக் காட்டினாரு. எல்லாரும் எழுந்து போய் அவங்கவங்க வீட்டைத் தேடினாங்க. இருபது நிமிஷம் முடிஞ்சு சீட்டு வாங்கினோம். அதுல ஒரு சீட்டு, பென்சில்ல, நாலே வார்த்தை: நம்ம ஏரியா கவுன்சிலர் யாரு?

யாருக்கும் தெரியல. பத்தொன்பது பேரு, அதுல மூணு பேரு முப்பது வருஷமா அங்க குடியிருக்கிறவங்க. வைபி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், பேரு எல்லாருக்கும் தெரியும், எம்பி பேரு தெரியும், குப்பை, வடிகால், சடக்கு விளக்கு, மலையில கட்டடத்துக்கு அனுமதி, இதையெல்லாம் பார்க்கிற மாநகர் மன்றத்துல நமக்காக யார் உக்காந்திருக்காங்கன்னு தெரியல. ஏன் தெரியலன்னா நாம தேர்ந்தெடுக்கல, அவ்வளவுதான். ஒரு மன்றத்துக்கு 24 பேரு வரைக்கும் மாநில அரசாங்கமே நியமிக்கும்.

அப்பதான் வாத்தியார் எழுந்தாரு. ஜோர்ஜ் டவுன் 1957 ஜனவரி 1-ஆம் தேதி நகரமாச்சு, அதோட முதல் மேயர் டி.எஸ். இராமநாதன், பள்ளிக்கூட வாத்தியார், தொழிலாளர் கட்சி, தமிழரு. ஜனங்க ஓட்டுப் போட்டு வந்த மன்றம் அது. ஜாலான் டி.எஸ். இராமநாதன் வழியா தினமும் பஸ் ஓட்டறேன், அது யாருன்னு இன்னைக்குத்தான் தெரியுதுன்னு பஸ் அண்ணன் சொன்னாரு. 1965-ல இந்தோனேசியாவோட மோதல் நடந்தப்ப ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வெச்சாங்க, 1976 சட்டம் வந்து அதை ஒரேயடியா எடுத்துடுச்சு. பினாங்கு மாநிலம் 2012-ல திருப்பிக் கொண்டு வரச் சட்டம் போட்டுச்சு, 2014-ல கூட்டரசு நீதிமன்றத்துல நிக்கல. இது நல்லதா கெட்டதான்னு அன்னைக்கே ஆளுக்கொரு பக்கம். தேர்தல் வந்தா பட்டணத்துல ஓட்டு இனவாரியாப் பிரியும், நம்ம ஆளுக்கு இடமே கிடைக்காது, நியமனத்துலயாவது ரெண்டு பேரு வர்றாங்கன்னு ஒருத்தர். இராமநாதன் நியமனத்துலயா வந்தாருன்னு ஃபேக்டரிப் பொண்ணு கேட்டா. நான் தேர்தல் வேணும்னு நெனக்கிறவதான், ஆனா அவரு சொன்னதுக்கு என்கிட்ட உடனே பதில் இல்லைங்கிறதையும் ஒத்துக்கணும். மறு வாரம் ரெண்டு பேரு மாநகர் மன்ற அலுவலகம் இருக்கிற கொம்தார் கட்டடத்துக்கே போய் எங்க ஏரியாவைப் பார்க்கிற கவுன்சிலர் பேரையும் போன் நம்பரையும் வாங்கிட்டு வந்து லிஃப்ட் பக்கத்துல ஒட்டினாங்க. நடுவுல ஒரு தடவை யாரோ கிழிச்சாங்க, திரும்ப ஒட்டியாச்சு.

ஆகஸ்ட் மாசம் அகதிகள் தலைப்பை வெச்சேன். எனக்கு அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்லணும். வேணாம்னு நிறைய பேரு சொன்னாங்க, வெச்சா சண்டை வரும்னாங்க, வந்துச்சு. இந்தத் தடவை அறையில அவங்கள்ல ஒருத்தரும் இருந்தாரு, ரொஹிங்யா பிள்ளைங்களுக்கு ஒரு சின்ன பள்ளி நடத்தறவரு, மலாய்ல பேசினாரு, பதினெட்டு நிமிஷத்துலயே முடிச்சுட்டாரு. முதல் கேள்வியே எங்க பிளாக் அங்கள் கேட்டாரு, நமக்கே இங்க நூறு வருஷமா எடம் கேட்டு நிக்கறோம், இதுல இவங்க வேறயா, நம்ம வேலையெல்லாம் இவங்கதானே பிடுங்கிட்டாங்கன்னு. மேசை மேல கை தட்டிச் சொன்னாரு. ரெண்டு பேரு ஆமா ஆமான்னாங்க. நான் டைமரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், கை நடுங்குச்சு.

பின்னாடி இருந்து ஒரு பாட்டி எழுந்தாங்க, கூலிம் பக்கம் தோட்டத்துல பால் மரம் வெட்டினவங்க. கேள்வி கேக்கல, விதிப்படி அது தப்புதான், நான் நிறுத்தல. தோட்டத்தை வித்தப்ப எங்களைக் காலி பண்ணச் சொன்னாங்க, லயத்துல பொறந்தவ நான், என் ஆத்தாளைப் பொதைச்சது அங்க, எங்க போறதுன்னு கேட்டா மேனேஜர் எனக்குத் தெரியாதுன்னாரு, சாமானை லோரியில ஏத்திக்கிட்டு ரெண்டு நாள் கோயில் மண்டபத்துல படுத்திருந்தோம், யாரு சோறு போட்டான்னு கேக்கறீங்களா, பக்கத்துக் கம்போங் மலாய்க்காரங்கன்னு சொல்லிட்டு அந்தப் பள்ளிக்கூடத்து ஆளைப் பார்த்து, நீ சாப்பிட்டியாப்பான்னு தமிழ்லயே கேட்டாங்க. அந்த ஆளுக்கு என்ன புரிஞ்சுதோ, தலையாட்டினாரு.

அங்கள் மனசு மாறிட்டாருன்னு எழுத மாட்டேன், மாறல. போறப்பவும் நான் சொன்னது சொன்னதுதான்னுட்டுத்தான் போனாரு. ஆனா அடுத்த மாசமும் வந்தாரு, அதுக்கடுத்த மாசமும் வந்தாரு. முந்தியெல்லாம் குரூப்புல அந்த மாதிரி வீடியோ அனுப்பறவரு, இப்ப அனுப்பறது குறைஞ்சிருக்கு, அது எதனாலன்னு நான் கேக்கல.

சொல்ல வந்தது போன மாசச் சீட்டைப் பத்தி. தலைப்பு என்னவோ வீட்டுக் குப்பையைப் பிரிக்கிறது, சாதாரணமா போய்க்கிட்டிருந்துச்சு. கூடையில பன்னெண்டு சீட்டு. பதினொண்ணு குப்பையைப் பத்தி. ஒண்ணு மட்டும் நாலா மடிச்சு மலாய்ல எழுதியிருந்துச்சு: ஐசி (அடையாள அட்டை) இல்லாதவங்க இங்க கேள்வி கேக்கலாமா? பேரு இல்ல. எழுத்து நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல எழுதற மாதிரி உருண்டையா, சுத்தமா இருந்துச்சு. நான் அதைச் சத்தமா படிச்சுட்டு, கேக்கலாம்னு சொன்னேன். யாரு எழுதினதுன்னு யாரும் திரும்பிப் பார்க்கல, அதுக்கு அந்த அறையில இருந்த ஒவ்வொருத்தருக்கும் நான் நன்றி சொல்லணும். முடிஞ்சு நாற்காலி அடுக்கறப்ப மூணு பேரு தனித்தனியா என்கிட்ட வந்து, எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு அக்கான்னு மெதுவா சொன்னாங்க. ஒருத்தருக்குப் பேரன், ஒருத்தருக்குத் தம்பி மக, ஒருத்தருக்கு அவரேதான், நாப்பத்தஞ்சு வயசு, குடிமகனா இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசி.

அதனால இந்த மாசத் தலைப்பு அதுதான். பட்டர்வொர்த்துல இருந்து ஒரு வக்கீல் வர்றாங்க, இருபது நிமிஷம்தான்னு சொல்லியாச்சு, சரின்னுட்டாங்க. அவங்க போன்லயே சொன்னது ஒண்ணை இப்பவே எழுதிடறேன், நிறைய பேருக்குத் தெரியாம இருக்கு. கோயில்ல தாலி கட்டினது மட்டும் போதாது, கல்யாணத்தைப் பதிவு செய்யாத நேரத்துல பிள்ளை பொறந்தா அந்தப் பிள்ளை சட்டப்படி அம்மாவோட குடியுரிமையைத்தான் பின்பற்றும், அம்மா வெளிநாட்டவரா இருந்தாலோ ஐசி இல்லாதவரா இருந்தாலோ அப்பா மலேசியரா இருந்தும் பிள்ளை மாட்டிக்கும். சட்டம் சொல்ற வயசு வரம்புக்குள்ள இருந்தா அரசியலமைப்புச் சட்டம் 15ஏ பிரிவுல மனு போடலாம், வருஷக்கணக்குல இழுக்கும், ஆனா வயசு தாண்டினா அந்தக் கதவு மூடிடும், அதனால தள்ளிப் போடாதீங்க.

கடைசி ஞாயித்துக்கிழமை, காலையில பத்து மணி, எல்லாரும் பசியாறிட்டே வாங்க, அன்னைக்குக் கோப்பி மட்டும்தான். பொறந்த சூரா (பிறப்புப் பத்திரம்), தாய் தகப்பன் ஐசி, கல்யாணப் பதிவு, தேசியப் பதிவு இலாகா ஜேபிஎன்ல இருந்து வந்த கடிதம் ஏதாவது இருந்தா அது, எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. ஒரிஜினலை வீட்டுலயே வெச்சுடுங்க, யாரு கேட்டாலும் கையில கொடுத்துடாதீங்க, நான் கேட்டாலும்.